கஷ்டத்துக்கு மட்டும் இங்கிலீஷ்

அத்தியாயம் 9

நான்கு நாட்களாகச் சிவராஜின் யூனிஃபார்ம் சட்டையில் எண்ணெய்க் கறை இல்லை.

வேறு வீடாக இருந்தால் துவைக்கிறவள் சந்தோஷப்பட்டிருப்பாள். சுப்ரியா சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதிமூன்று வருடமாக அந்த நீலச் சட்டையை ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, அப்படியும் போகாத கறையைத் திட்டித் தீர்த்தவள் அவள். சிப்காட்டில் பைக்குகளுக்கு பிரேக் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தர ஆய்வுப் பிரிவின் ஷிஃப்ட் இன்சார்ஜ் அவள் கணவன். மெஷின் பக்கம் போகாமல் அந்த வேலை நடக்காது. போனால் சட்டை சுத்தமாகத் திரும்பாது.

போன வாரம் இந்தச் சுத்தமான சட்டையும் கையுமாக அவளைக் குழாயடியில் நிற்கவைத்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. சட்டைப் பையைத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் செம்மண். கம்பெனி வாசலிலிருந்து மெஷின் வரைக்கும் சிமெண்டுத் தரைதானே, செம்மண் எங்கிருந்து வந்தது? டிபன் பாக்ஸ் மட்டும் ஒழுங்காகக் காலியாகி வந்தது. கீரைப் பொரியல்கூட மிச்சமில்லை. கீரையை மிச்சம் வைக்காத சிவராஜை அவள் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

இதோடு அந்த ஃபோன்.

ஓசூரில் ரகசியம் பேச மொழி கிடையாது. தமிழில் பேசினால் எல்லாருக்கும் தெரியும். தெலுங்கில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். கன்னடத்தில் பேசினால் பால் ஊற்ற வருகிறவருக்குத் தெரியும். சுப்ரியாவுக்கு மூன்றும் தெரியும். மிச்சமிருந்தது ஒன்றுதான். ஆகவே அந்த வீட்டில் யாரும் சொல்லிவைக்காமலே ஒரு வழக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. நல்ல சேதி தமிழில் வரும். கெட்ட சேதி இங்கிலீஷில் வரும். மாமனாருக்குக் காலில் புண் ஆறாமல் போனபோது டாக்டரிடம் சிவராஜ் இங்கிலீஷில் பேசினான். மகள் ஹரிணி கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டபோது டீச்சரிடம் இங்கிலீஷில் பேசினான். காவேரிப்பட்டினத்தில் தமிழ் வழியில் பன்னிரண்டு வரை படித்த சுப்ரியா, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். “என்னாங்க சொன்னாங்க?” என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, நான் பார்த்துக்கறேன்” என்பான்.

அப்படி நின்று நின்று அலுத்துப்போய்த்தான் அவள் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காரியம் செய்தாள். பாகலூர் ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பின் மாடியில் பெண்களுக்கு மட்டும் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. சிவராஜிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான், அதைத் தாங்கிக்கொள்ள அவள் தயாராக இல்லை.

நேற்று அந்த வகுப்பில் கவிப்ரியா டீச்சர் கரும்பலகையில் ஐந்து படி வரைந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும், அஞ்செட்டிப் பக்கத்துப் பெண், பெங்களூரில் கால் சென்டரில் நாலு வருடம் திட்டு வாங்கிப் பழகியவள். “கஷ்டத்தைச் சொல்றதுல இங்கிலீஷ்காரனுக்கு அளவு இருக்குதுங்கக்கா. எந்தப் படியில நிக்கிறான்னு வார்த்தையை வெச்சே கண்டுபிடிச்சிடலாம்” என்றாள்.

முதல் படியில் ‘ஸ்பாட் ஆஃப் பாதர்’. சின்னத் தொந்தரவு, சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். இரண்டாவது ‘டைட் ஸ்பாட்’. நெருக்கடி, யாராவது கை கொடுத்தால் வெளியே வந்துவிடலாம். மூன்றாவது ‘ஹாட் வாட்டர்’. பெரிய மனுஷர்கள் கோபத்தில் இருக்கிறார்கள், பதில் சொல்லியாக வேண்டும். நான்காவது ‘பேக் டு த வால்’. பின்னால் போக இடமில்லை. ஐந்தாவது ‘இன் டூ டீப்’. முழுகியாயிற்று, திரும்ப வழியில்லை.

“நம்ம பக்கம் இதுக்கெல்லாம் ஒரே வார்த்தைதான். வசமா மாட்டிக்கிட்டான்” என்றாள் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். சுப்ரியாவும் சிரித்தாள். அது நேற்று.

இன்று காலை ஏழு மணிக்குச் சிவராஜ் மாடியில் நின்று ஃபோன் பேசினான். சுப்ரியா படிக்கட்டுக்கு அடியில் ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தாள். ஒரே துண்டை ஏழெட்டுத் தடவை உதறியிருப்பாள்.

“ஐ ஆம் இன் ஹாட் வாட்டர் சார்” என்றது மேலே சிவராஜின் குரல்.

மூன்றாவது படி.

“நோ சார். ஐ வில் டேக் த ஃபால். மை வைஃப் ஷுட் நாட் நோ.”

நடுவில் இருந்த வாக்கியம் அவளுக்குப் புரியவில்லை. கடைசி வாக்கியத்துக்கு வகுப்பே தேவையில்லை. மனைவிக்குத் தெரியக் கூடாதாம். துண்டைக் கொடியில் போட மறந்து தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். முதல் தோசை பிய்ந்துபோனது.

“ஃபோன்ல யாருங்க?”

“ராமப்பன் சார். என் பழைய மேனேஜரு. இப்ப பெங்களூர்ல இருக்காரே, அவரு.”

“அவரு உங்ககிட்ட தெலுங்குலதானே பேசுவாரு?”

சிவராஜ் தோசையை இரண்டாகக் கிழித்தான். “பேசுவாரு. இன்னிக்கு இங்கிலீஷ்ல பேசினாரு. அதுக்கென்ன?”

“ஒண்ணுமில்ல. சட்டை நாலு நாளா ரொம்ப சுத்தமா வருதே, அதான் கேட்டேன்.”

“கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வெச்சிருக்காங்க. ரிப்போர்ட் வேலை.” தட்டைப் பார்த்தபடியே சொன்னான். பிறகு தலை நிமிர்ந்தான். “நேத்து பதினொண்ணரைக்கு உனக்கு ரெண்டு தடவை அடிச்சேன். எங்க போயிருந்தே?”

சுப்ரியா தோசையைத் திருப்பிப் போட்டாள். “மார்க்கெட்டுக்கு.”

“முந்தாநாளும் எடுக்கல.”

“அன்னிக்கும் மார்க்கெட்டுதான்.”

“தினமும் என்ன மார்க்கெட்டு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கை கழுவப் போனான். ஒரே சமையலறையில் இரண்டு பொய் நின்றுகொண்டிருந்தன. ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை.

அவன் கிளம்பிய ஐந்தாவது நிமிஷம் சுப்ரியாவும் கிளம்பினாள். அவன் மறந்து வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் கையில் இருந்தது. மறக்கவில்லை, அவள்தான் பையிலிருந்து எடுத்து ஒளித்துவைத்தாள் என்பதை நமக்குள் வைத்துக்கொள்வோம். தெருமுனை பேக்கரி முன்னால் கம்பெனி பஸ் நின்றது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். சிவராஜைக் காணவில்லை.

டிரைவர் திம்மப்பனுக்கு அவளைத் தெரியும். ஆயுத பூஜைக்குப் பொரி கொடுத்திருக்கிறாள். “சாருக்குத் தண்ணி பாட்டில் கொடுக்கணும்” என்றாள்.

“சாரா? நாலு நாளா நம்ம வண்டி ஏறலியே அம்மா. ரஜா, லீவுன்னு நெனச்சேன். ஊருக்குப் போகலியா?” என்றார் திம்மப்பன். அவள் முகத்தைப் பார்த்ததும் கியரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். “நனகெ கொத்தில்ல, எனக்குத் தெரியாது அம்மா. பைக்ல போறாரோ என்னமோ.”

பைக் வீட்டு வாசலில் நிற்கிறது. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்று வகுப்புக்குப் போகும் மனநிலையில் அவள் இல்லை. ஆனாலும் போனாள். அந்த நடு வாக்கியத்துக்கு அர்த்தம் சொல்ல ஊரில் அவளுக்கு வேறு யாரும் இல்லை. கேஸ் புத்தகத்தின் பின் அட்டையில் தமிழில் எழுதி வைத்திருந்ததை நீட்டினாள்.

“டேக் த ஃபால்... இது எங்க கேட்டீங்க அக்கா?” என்றாள் கவிப்ரியா.

“டிவியில.”

“வேற ஒருத்தர் செஞ்ச தப்பை நான் செஞ்சதா ஒத்துக்கிட்டு, அதுக்கான தண்டனையை நானே வாங்கிக்கறேன்னு அர்த்தம். சும்மா யாருக்காகவும் சொல்ல மாட்டாங்க. ரொம்ப வேண்டியவங்களுக்காகத்தான்.”

“எந்தப் படி?”

கவிப்ரியா யோசித்தாள். “படியெல்லாம் இல்லக்கா. அந்த ஆளு அஞ்சாவது படியில இருந்தாத்தான் இப்படிப் பேசுவான்.”

ரொம்ப வேண்டியவங்க. அந்த வார்த்தை சுப்ரியாவோடு படியிறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏறி, வீடு வரைக்கும் வந்தது. கம்பெனியில் கான்ட்ராக்ட் பெண்கள் நூற்றுக்கு மேல். எல்லாம் சின்னச் சின்னப் பெண்கள், ஹாஸ்டலில் இருப்பவர்கள். அதில் எவளோ ஒருத்தி தப்பு செய்திருக்கிறாள், அவளுக்காக இவர் தலையைக் கொடுக்கிறார். யாரோ தெரியாத ஒருத்திக்காக ஒரு மனுஷன் நாலு நாள் பெண்டாட்டியிடம் பொய் சொல்வானா? தெரிந்தவளாக இருந்தால்தான் சொல்வான். எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன. அழக் கூடாது என்று அரிசியைக் களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள்.

ஒன்றேகாலுக்கு வாசலில் பைக் சத்தம். அவள் தம்பி தினேஷ்குமார்.

அதே கம்பெனியில், சிவராஜுக்குக் கீழே, அளவு பார்க்கும் வேலை அவனுக்கு. மச்சானைச் சிவராஜ்தான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டான். வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பெண் சுவாதியை அவனுக்கு நிச்சயம் செய்திருக்கிறார்கள். ஆவணியில் கல்யாணம். கையில் நாலைந்து பத்திரிகை மாதிரிகளோடு வந்தவன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டான்.

“அக்கா, இதுல எது நல்லா இருக்குது பாரு. மஞ்சளா, ரோஸா?”

“ஷிஃப்ட் ரெண்டரை வரைக்கும் இருக்குதே, இப்பவே வந்துட்ட?”

“பர்மிஷன்க்கா.”

“மாமா எங்கடா?”

“பிளான்ட்லதான். இப்பதான் கேன்டீன்ல பார்த்தேன். சாம்பார் சாதம் சாப்பிட்டுட்டு இருந்தாரு. அப்பளம்கூட ரெண்டு வாங்கினாரு.”

சுப்ரியா பத்திரிகையைக் கீழே வைத்தாள். சின்ன வயதிலிருந்தே தினேஷின் பொய்க்கு ஒரு அடையாளம் உண்டு. உண்மையை ஒரு வரியில் சொல்லிவிடுவான். பொய் என்றால் கூட அப்பளம், வடாம் எல்லாம் வைத்துப் பரிமாறுவான்.

“நான் டிபன் கட்டிக் கொடுத்தேனேடா. கேன்டீன்ல ஏன் சாப்பிடறாரு?”

“அ... அதையும் சாப்பிட்டாருக்கா.” சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். “மாமா உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?”

“என்ன சொல்லணும்?”

“இல்ல, சும்மா. பிளான்ட் விஷயம் ஏதாச்சும்.”

“ஒண்ணும் சொல்லல.”

“நேத்துகூட ஒண்ணும் சொல்லலியா?”

பத்திரிகையில் மஞ்சளா ரோஸா என்பதற்கு அவள் பதிலே சொல்லவில்லை. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை. சாப்பிடு என்றாள், வேண்டாம் என்றான். அக்கா வீட்டில் சோறு வேண்டாம் என்று அவன் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. போகிறவனின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நேரமும் முகம் தெரியாத எவளையோ மனதுக்குள் சபித்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்த முகம் மெல்ல மாறத் தொடங்கியது. வேண்டாம், அப்படி இருக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்று மணிக்குச் சிவராஜ் வந்தான். “நாலரைக்கு ஒரு மீட்டிங். சட்டை மாத்திட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு, சட்டையை மாற்றாமல் நேரே மாடிக்குப் போனான். சுப்ரியா இந்தத் தடவை துணி உதறவில்லை. வெறும் கையோடு படியேறி, மாடிக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

“சார், மை பேக் இஸ் டு த வால்.” நான்காவது படி. “என்கொயரி இஸ் அட் ஃபோர் தர்ட்டி. நோ, ஐ காண்ட் கிவ் ஹிஸ் நேம். தினேஷ் இஸ் கெட்டிங் மேரிட், சார்.”

அவள் கதவைத் தள்ளினாள். சிவராஜ் ஃபோனை அணைத்துவிட்டு, வராத சிரிப்பு ஒன்றை வரவழைத்தான். “ராமப்பன் சார்தான். சும்மா...”

“ஹூ ஆர் யூ டேக்கிங் த ஃபால் ஃபார்?” என்றாள் சுப்ரியா.

வார்த்தை ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. சிவராஜ் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“உனக்கு... இது எப்படி?”

“பாகலூர் ரோடு, மெடிக்கல் ஷாப் மாடி. ரெண்டு மாசமா. பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு.”

“அப்ப அந்த மார்க்கெட்டு?”

“மார்க்கெட்டுமில்ல, ஒண்ணுமில்ல. நீங்க என்ன நெனச்சீங்க?”

என்ன நினைத்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவளும் காலையிலிருந்து அதையேதான் அவனைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதால், இரண்டு பேரும் அந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போனார்கள்.

“தமிழ்ல சொல்லுங்க. எல்லாத்தையும்” என்றாள்.

சொன்னான். திங்கட்கிழமையிலிருந்து அவன் சஸ்பென்ஷனில் இருக்கிறான். தினமும் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு போய்க் கெலவரப்பள்ளி அணைக்கரையில் உட்கார்ந்துவிட்டு வருகிறான். கீரைப் பொரியல் மீனுக்குப் போனது.

“லைன்ல ரெண்டு மணிக்கு ஒரு தடவை அஞ்சு பீஸ் எடுத்து அளந்து, தாள்ல எழுதணும். அளக்கறது தினேஷ். சரியா இருக்குதுன்னு கையெழுத்துப் போடறது நான். போன மாசம் ஒரு நாள் அவன் சீக்கிரம் கிளம்பிட்டான். கிளம்பறதுக்கு முன்னாடி, பன்னெண்டு மணி அளவு, ரெண்டு மணி அளவு, ரெண்டையும் முன்கூட்டியே எழுதி வெச்சிட்டான். நான் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.”

“அளக்காமலேவா?”

“எல்லாரும் எப்பவாச்சும் செய்யறதுதான். எப்பவும் ஒரே அளவுதானே வருதுன்னு ஒரு தைரியம். அன்னிக்குப் பதினொண்ணு நாப்பதுக்குக் கரன்ட் போச்சு. பன்னெண்டு அம்பது வரைக்கும் மெஷினே ஓடல. ஓடாத மெஷின்ல பன்னெண்டு மணிக்கு அஞ்சு பீஸ் அளந்ததா தாள் சொல்லுது. திரும்ப ஓட ஆரம்பிச்சப்ப டூல் விலகி, பீஸோட அளவு மாறிப்போச்சு. ரெண்டு மணிக்கு ஒருத்தன் அளந்திருந்தா அப்பவே பிடிச்சிருப்பான். பிடிக்க ஆள் இல்ல.” நிறுத்தினான். “கோலார் பக்கம் ஒருத்தரு பிரேக் பிடிக்காம வண்டியோட விழுந்துட்டாரு. தோள்பட்டை எலும்பு உடைஞ்சிடுச்சு.”

சுப்ரியா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மாடித் தரை சுட்டது. “இதுல நீங்க எதுக்கு அவனைக் காப்பாத்தணும்? அவன் எதுக்கு ஷிஃப்ட்ட விட்டுட்டுப் போனான்?”

சிவராஜ் அவளைப் பார்த்தான். சொல்லலாமா என்று கடைசியாக ஒரு தடவை யோசிக்கிற பார்வை அது.

“பதினாலாம் தேதி, சுப்ரியா. வெள்ளிக்கிழமை.”

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. பதினாலாம் தேதி காவேரிப்பட்டினத்தில் அவள் பிறந்த வீட்டில் தினேஷுக்கு வெற்றிலை பாக்கு மாற்றிய நாள். வேப்பனப்பள்ளிக்காரர்கள் இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள். மாப்பிள்ளையைக் காணோம் என்று பெண்ணின் பெரியப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். பத்தேகாலுக்குச் சுப்ரியா கொல்லைப்புறம் போய்ச் சிவராஜுக்கு ஃபோன் போட்டாள்.

அன்றைக்குச் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் இப்போது காதில் விழுந்தது. ‘ராகு காலம் முடிஞ்சு பன்னெண்டே காலுக்குத் தட்டு மாத்தணும். அவனை இப்பவே அனுப்புங்க. என்னமோ ரெண்டு கணக்கு எழுதறதுதானே, நீங்க பார்த்துக்கக் கூடாதா? என் தம்பி வாழ்க்கையை விட உங்க தாள் பெரிசா?’

“அவனோட பஞ்சிங் கார்டையும் ரெண்டரைக்கு நான்தான் வெச்சேன். ரெக்கார்டுல அன்னிக்கு அவன் உள்ளதான் இருந்தான்” என்றான் சிவராஜ். “நீ சொன்னதால அனுப்பினேன்னு உன்கிட்ட வந்து எப்படிச் சொல்றது? அதான் சொல்லல.”

அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை. அவன் திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான். தினேஷை வேறு லைனுக்கு நானே அனுப்பினேன், தாளைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், கவனக்குறைவு என்னுடையது என்று எழுதியிருந்தான். “இப்படிச் சொன்னா எனக்கு ட்ரான்ஸ்ஃபரோட முடிஞ்சிடும்னு ராமப்பன் சார் சொல்றாரு. அவன் பேர் வந்தா, அவன் வேலையும் போயிடும், கல்யாணமும் நின்னுடும்.”

சுப்ரியா தம்பிக்கு ஃபோன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டாள், அதே பதில். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

“நீ எதுக்கு?” என்றான் சிவராஜ்.

“வண்டியை எடுங்க.”

கம்பெனி வாசலைத் தாண்டி, பார்வையாளர் அறை வரைக்கும்தான் விட்டார்கள். நீளமான கண்ணாடிக் கதவு, அதற்கு அந்தப் பக்கம் விசாரணை அறை. நிர்வாகப் பிரிவின் வெங்கடப்பன் கையில் ஃபைலோடு வந்தார். மரியாதையான மனுஷர். சிவராஜ் நீட்டிய காகிதத்தை நின்றபடியே படித்தார். படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க சிவராஜ். ஆனா தினேஷ்குமார் வேற மாதிரி எழுதிக் கொடுத்திருக்காரே. இன்னிக்குக் காலையிலயே.”

“என்ன சார் எழுதியிருக்கான்?”

வெங்கடப்பன் ஃபைலைத் திருப்பினார். “ஷிஃப்ட் முடியற வரைக்கும் லைன்லயே இருந்தாராம். கரன்ட் போனதால பன்னெண்டு மணி அளவை எழுதாம விட்டாராம். அந்தக் கட்டத்தையும் ரெண்டு மணிக் கட்டத்தையும் அவர் கையெழுத்து மாதிரியே நீங்க எழுதிட்டீங்களாம். ரெண்டு மணிக்கு அளவு தப்பா இருக்குதுன்னு சொன்னாராம், நீங்க வாயை மூடுன்னீங்களாம்.”

சிவராஜ் வலது கையால் காதைத் தடவினான், அடி வாங்கியவன் தடவுவதுபோல.

“கவனக்குறைவு வேற, போலியா எழுதறது வேற. ஒரு ஆளு எலும்பு உடைஞ்சு கிடக்கறாரு. இது டிஸ்மிஸ்ல நிக்காது. போலீஸ் வரைக்கும் போகும்” என்றார் வெங்கடப்பன். அவர் குரலில் வருத்தம் இருந்தது.

சுப்ரியாவுக்கு ஒன்று புரிந்தது. ஒன்றேகாலுக்குத் தினேஷ் தன் வீட்டுக்கு வந்தது பத்திரிகை காட்ட இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். மாமா வாயைத் திறந்துவிட்டாரா என்று நோட்டம் பார்க்க வந்திருக்கிறான். அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கிறான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், விசாரணை அறை பெஞ்சில், நீலச் சட்டை ஒன்றின் முதுகு தெரிந்தது. அந்த முதுகைத்தான் மத்தியானம் வாசல் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு பக்கம் ஆவணி முகூர்த்தம், மாந்தோப்பு வீட்டுப் பெண், ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்ட கல்யாணம். இன்னொரு பக்கம், நாலு நாளாக மீனுக்குச் சோறு போட்டுவிட்டு, அவள் மனது நோகக் கூடாது என்று வாய் திறக்காத ஒரு மனுஷன்.

ஃபோனை எடுத்துப் படங்களைத் திறந்தாள். பதினாலாம் தேதிக்குப் போக விரல் மூன்று தடவை தவறியது. கிடைத்தது. நடுவில் தினேஷ், புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் வெற்றிலைத் தட்டு. அடியில் தேதி, மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

“வேணாம், சுப்ரியா” என்றான் சிவராஜ் தாழ்ந்த குரலில். அவள் ஏற்கெனவே நீட்டிவிட்டாள்.

வெங்கடப்பன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மணியைப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார்.

“இதை எடுத்தது யாரு?”

“நான்தான் சார்.”

“ஷிஃப்ட் நடுவுல இவரை அனுப்பச் சொன்னது யாரு? சிவராஜ் தானா அனுப்பினாரா?”

சிவராஜ் குறுக்கே பேச வந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அனுப்பச் சொன்னதும் நான்தான். பத்தேகாலுக்கு நான் ஃபோன் பண்ணேன். கம்பெனி ஃபோனுக்குத்தான் பண்ணேன், எடுத்துப் பாருங்க.”

வெங்கடப்பன் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேஜைமேல் வைத்தார். “இதை எழுதிக் கொடுக்கணும் அம்மா. எழுதிட்டா திரும்ப வாங்க முடியாது. இங்கிலீஷ்ல எழுதறீங்களா, நான் யாரையாச்சும் கூப்பிடட்டுமா?”

“தமிழ்ல எழுதறேன்” என்றாள் சுப்ரியா.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தேதி போட்டாள். ‘என் தம்பி’ என்று இரண்டு வார்த்தை எழுதினாள். இங்கிலீஷாக இருந்தால் கை இவ்வளவு கனத்திருக்காதோ என்னவோ.

கண்ணாடிக் கதவு திறந்தது.

“அக்கா...” என்றான் தினேஷ்குமார்.

சுப்ரியா தலை நிமிரவில்லை. மூன்றாவது வார்த்தையை எழுதினாள்.